கம்மல் போட்ட காது

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "மிஷினுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்" என்பேன். கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதைக்காகவே வேண்டாத இடத்தில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

மிஷினின் பெயர் செவி. பாளையங்கோட்டையைச் சுற்றி எந்த சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் முறம் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. நோயாளி உட்கார்ந்து தன் பாடுகளைச் சொல்ல வேண்டியது. செவி கேட்டுக்கொண்டு, இன்ன ரத்தப் பரிசோதனை வேண்டும், இன்ன படம் எடுக்க வேண்டும், அல்லது மாத்திரையே போதும் என்று முடிவு செய்து டாக்டருக்கு ஒரு வரி அனுப்பும். டாக்டர்கள் போதாத காலம். இருநூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் செவி வந்த பிறகு நாற்பது பேரைப் பார்த்தால் போதும். பதிலுக்கு, செவி சொல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது என்று விதி வைத்தார்கள். செவியால் பிழைத்தவர்கள் நிறைய. அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

செவிக்குப் புரியாத சொற்கள் என் மேசைக்கு வரும். நம் ஊர்ப் பேச்சு அதற்கு லேசில் பிடிபடவில்லை. "கால் கடுக்குது" என்று ஒருவர் சொன்னால், கோபமாக இருக்கிறார் என்று எழுதும். "மேலு வலிக்கு" என்று உடம்பு வலியைச் சொன்னால் மாடியில் வலிக்கிறதாக்கும் என்று குழம்பும். ஆவுடை என்று இந்த ஊர்ப் பெயரே வைத்துக்கொண்டு, வாய்த்துடுக்குக்குப் பேர்போன என்னை அங்கே வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான். பேசியவர் யாரென்று எங்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் எல்லாப் பெண்களின் பேச்சும் ஒரே குரலாக மாற்றப்பட்டு வரும். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல் மாதிரி இருக்கும். வயிற்றுவலிக்காரியும் நெஞ்சுவலிக்காரியும் அதே குரலில்தான் அழுவார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், செவியைச் சில வார்டுகளில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு பதிவு வந்தது. பதினோரு நிமிடம். செவி அதில் "குரல் கம்மல்: உண்டு" என்று குறித்து, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தது. ஓடவிட்டேன்.

"என் மேலுல வலிக்காத எடம் எதுன்னு கேட்டா, கம்மல் போட்ட காது மட்டுந்தான்" என்றது அந்த ரயில் நிலையக் குரல்.

குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறிவிட்டது. அப்படிச் சிரித்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஜெபசிங் சாரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு அது எங்கள் ஆபீசில் பழமொழி மாதிரி புழங்கியது. காலையில் வந்ததும் "எப்படி இருக்கே?" என்றால் "கம்மல் போட்ட காது சார்" என்போம். இந்தக் கம்மல் தொண்டைக் கம்மல் இல்லை, காதில் போடும் நகை என்று திருத்தி அனுப்பினேன். அந்த மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டினார்கள்.

மிச்சப் பத்தே முக்கால் நிமிடத்தை என்ன செய்வது? அந்த அம்மாள் எலும்புக்குள்ளே குடைகிறது என்றாள். இடுப்புக் குறுக்கு ஒடிகிறது, தண்ணீர் குடித்துத் தீரவில்லை, ஒன்றுக்குப் போய்த் தீரவில்லை, வயிறு கல்லாகக் கிடக்கிறது, வைத்தது வைத்த இடத்தில் மறக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றாள். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, "அது தெரியலயே" என்றாள்.

"இதை எந்தக் கணக்குல சேக்கது ஆவுடை? ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்கே" என்றார் ஜெபசிங் சார்.

"இது நோய் இல்ல சார். பொம்பளைய புலம்பல். எங்க வீட்டுலயே கேக்கேன்லா" என்றேன்.

புது அடையாளம் ஒன்று போட்டோம். ஐந்து இடத்துக்கு மேல் வலி சொல்லி, ஆரம்பித்த நாள் சொல்லத் தெரியாமல், நடுவில் மனசு பற்றியும் பேசினால் அது புலம்பல். பலகையில் இடம் குறைவு என்று "பு" என ஒற்றை எழுத்தாக வைத்தோம். "பு" விழுந்தால் ரத்தப் பரிசோதனை கிடையாது. செவி நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி, எலும்புக்கு வலு தரும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு அட்டையை நீட்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அதனால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தோம். நான்தான் நினைத்தேன். ஜெபசிங் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பெயர் பேச்சியம்மாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்தாம் வகுப்பு வரை எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். உச்சி மயிர் பிடுங்குகிற மாதிரி இழுத்துப் பின்னுவாள், பின்னி முடிக்கும்வரை வாய் ஓயாது. பெயர் வைத்த நேரம் அப்படி என்று அம்மா சொல்லுவாள். கல்யாணமாகி நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கொஞ்ச வருடமாக அவள் பேச்சில் வேடிக்கை போய்விட்டது. போன் எடுத்தால் முட்டு, குறுக்கு, தூக்கமில்லை. நான் போனைச் சத்தமாக வைத்துவிட்டுக் காய் நறுக்குவேன். அங்கங்கே "ம்" போடுவேன். அத்தான் அந்தப் பக்கமிருந்து, "ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன்.

இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல் வந்தது. எடுத்தார்கள், ஏன் வந்தது என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

"வயசாவுதுல்லாக்கா. செவிட்டப் போயிச் சொல்லேன்" என்றேன்.

"போனேன்ட்டி. மாத்திரை குடுத்துச்சு."

"அப்பம் ஒழுங்காத் தின்னு. பாதியில விட்டுட்டு என் உயிரை வாங்காத."

அட்டை தீர்ந்தபோதெல்லாம் மருந்துக் கடையில் நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல தங்கச்சி என்று பேர் வேறு வாங்கினேன்.

போன பங்குனியில் அவள் மணிக்கட்டு ஒடிந்தது. விழக்கூட இல்லை. ஈரப் போர்வையைப் பிழிந்துவிட்டுத் துவைக்கிற கல்லில் கையை ஊன்றி எழுந்தாள். கரும்பு முறிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வயசு ஐம்பத்தாறுதானா? அறுபத்தாறு வயசு எலும்பு மாதிரில்லா இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். கைமுறிவு என்பதால் செவியின் அனுமதி தேவைப்படவில்லை. நேராக ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் எங்களை டாக்டர் நிலோஃபரிடம் அனுப்பினார்கள். கழுத்துச் சுரப்பிகளுக்கான அறுவை மருத்துவர், மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"ரத்தத்துல கால்சியம், அதான் சுண்ணாம்புச் சத்து, பத்தரையைத் தாண்டக் கூடாது. அக்காவுக்குப் பன்னெண்டு புள்ளி நாலு" என்றார்.

"சத்து கூடுதலா இருக்கது நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரத்தத்துல இருக்கு. எலும்புல இல்லையே. எலும்புல இருந்து களவுபோய்த்தான் ரத்தத்துக்கு வந்திருக்கு." தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தைராய்டுக்குப் பின்னால துவரம்பருப்பு அளவுல நாலு சுரப்பி இருக்கு. பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியம் கொறஞ்சா, எலும்புல இருந்து எடுத்துட்டு வான்னு சத்தம் போடும். போதுமான அளவு வந்ததும் வாயை மூடிரும். அக்காவுக்கு அதுல ஒண்ணு வீங்கிப்போயி, வாயை மூடவே மாட்டேங்குது. அந்தச் சுரப்பு அறுபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். முந்நூத்துப் பன்னெண்டு இருக்கு."

"புத்துநோயா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. இது அநேகமா சாதாரணக் கட்டிதான். அந்த ஒண்ணை எடுத்துட்டா தீந்துச்சு. கல்லு வந்தது, எலும்பு வலி, தாகம், மலச்சிக்கல், மறதி, அழுகை, எல்லாம் இந்த ஒண்ணோட வேலைதான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம் இருந்தது. "அப்பம் நான் பொய் சொல்லலியே டாக்டர்?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா பொய்னு?"

"யாரும் சொல்லல," என்றாள் அக்கா. எனக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா பையிலிருந்து சுண்ணாம்புச் சத்து அட்டையை எடுத்து வைத்தாள்.

"அல்லாவே! ஏற்கனவே நிரம்பி வழியுதே, இதை யாரு குடுத்தா?"

"செவி குடுத்துச்சு. தீந்தா தங்கச்சி வாங்கித் தருவா," என்றாள் பெருமையாக.

டாக்டர் அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, செவியின் பழைய பதிவைத் திரையில் திறந்தார். கடைசி மூன்று வருடத்துப் பதிவு மட்டும்தான் அதில் இருந்தது. அதற்குள் ஐந்து தடவை அக்கா போயிருக்கிறாள். ஐந்து வரிகளுக்கு நேராகவும் ஒரே எழுத்து.

"இந்தப் 'பு' என்னன்னு எங்க யாருக்கும் தெரியாது. புது நோயாளின்னு நெனச்சுத் தள்ளிவிட்டுட்டு இருக்கோம். அஞ்சு தடவை வந்தவங்க எப்படிப் புதுசு?" என்று டாக்டர் சிரித்தார். பிறகு என்னிடம், "நீங்க மொழி சம்பந்தமா வேலை பாக்கீங்கன்னு அக்கா சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர்," என்றேன்.

சொன்ன வாயைக் கழுவவா முடியும்? அக்கா பக்கத்தில் இருக்கிறாள், இப்போது சொன்னால் அவள் மனசு ஒடிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீசில் முதல் வேலையாக எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்தில் மட்டும் "பு" விழுந்த பெண்கள் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அக்காவைத் தவிர அவர்களில் ஒருத்திக்குக்கூடக் கால்சியம் பார்க்கவில்லை. எல்லாருக்கும் இந்த நோய் இருக்கப்போவதில்லை, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஆனாலும் மற்றவர்களுக்கு ரத்தசோகையோ, தைராய்டோ, வேறு ஏதோ ஒன்று. யார் கண்டது? யாரும் காணக் கூடாது என்றுதானே எழுத்துப் போட்டு வைத்தேன்.

ஜெபசிங் சாரிடம் போய் நின்றேன். அக்கா கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எடுத்துரலாம் ஆவுடை. ஆனா நாம நெனச்சா எடுக்க முடியாது. டாக்டர் ஒருத்தர் எழுதித் தரணும், இந்த அடையாளத்தால நோய் தவறிப்போச்சுன்னு. எழுதுதவருக்கு அது என்ன, யாரு வச்சான்னு சொல்லணும். உன் பேரு வரும்."

"உங்க பேரு?"

"எம் பேரும் வரும். நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவப்போறவன், எனக்கென்ன? நீ யோசிச்சுக்கோ. அக்கா ஆபரேஷன் முடியட்டும்."

அக்கா ஆபரேஷன் முடியட்டும் என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நடுவில் ஒரு வாரம் பரிசோதனைகள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். கால்சியம் அதில் எவ்வளவு போகிறது என்று பார்த்தால்தான், குடும்பத்தில் வழிவழியாக வரும் வேறொரு கோளாறு இல்லை என்று உறுதியாகுமாம். ஊசி போட்டு எடுத்த ஸ்கேனில், இடதுபக்கம் கீழே இருந்த சுரப்பி மட்டும் தனியாக ஒளிர்ந்தது. துவரம்பருப்பாக இருக்க வேண்டியது நிலக்கடலைப் பருப்பாக இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் டாக்டர் நிலோஃபர், கையெழுத்து வாங்கும்போது. "குரல் நரம்பு அது பக்கத்துலதான் ஓடுது. ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனாலும் நூத்துல ஒருத்தருக்குக் குரல் அப்படியே கம்மிப்போக வாய்ப்பு இருக்கு."

பேச்சியின் குரல் போனால் மிச்சம் என்ன? அவள் பேசியபோது கேட்காமல் இருந்தவள் நான். இனிப் பேசவே மாட்டாள் என்று ஆகிவிட்டால் நான் எந்தச் சாமியிடம் போய் நிற்பது?

ஆபரேஷன் அன்று காலையில் உடம்பில் நகை இருக்கக் கூடாது என்றார்கள். வளையல் கழன்றது, தாலியைக் கழற்றி அத்தானிடம் கொடுத்தோம். காதுக் கம்மல்தான் வரவில்லை. முப்பது வருடம் திருகாத திருகாணி. நர்ஸ் ஒருபக்கம் இழுக்க, அக்கா ஒருபக்கம் கத்த, கடைசியில் நான் தேங்காய் எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் திருகினேன். இரண்டும் ரத்தம் கசிந்துதான் வந்தன. கைக்குட்டையில் முடிந்து என் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் புத்தி அப்படி.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டியை எடுத்ததும் உடனே தைக்க மாட்டார்களாம். பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி ரத்தம் எடுத்துச் சுரப்பு இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவார்களாம். அந்தப் பத்து நிமிடத்தில் அத்தான் வராந்தாவில் நடந்த நடைக்குத் தென்காசி போய் வந்திருக்கலாம். நர்ஸ் வந்து, "முந்நூத்துப் பன்னெண்டு நாப்பத்தொண்ணாயிருச்சு" என்றாள். அத்தான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஆரம்பிச்சிட்டா, ஆரம்பிச்சிட்டான்னு அவளைச் சொல்லிட்டே இருந்தேனே" என்றார். அவரைத் தேற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சாயங்காலம் அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்து மடிப்போடு இரண்டங்குலத்துக்கு ஒரு கட்டு. டாக்டர் குனிந்து, "அக்கா, உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"பேச்சியம்மா" என்றாள். கரகரவென்று வந்தாலும் வந்தது.

"குழாய் விட்டதுனால இந்தக் கம்மல். ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும். விரல் நுனி, உதடு எங்கயாவது மதமதன்னு மரத்துப்போனா உடனே சொல்லணும், என்ன? பட்டினி கெடந்த எலும்பெல்லாம் இப்பம் கால்சியத்தை அள்ளிட்டுப் போவும். இனிமேதான் அந்த மாத்திரை வேணும்." அடுத்த படுக்கைக்குப் போனார்.

கம்மல் என்ற சொல் என் காதில் உறுத்தியது. கைக்குட்டையை அவிழ்த்துக் கம்மலை எண்ணெய் போகத் துடைத்தேன். அத்தான் காபி வாங்கப் போயிருந்தார். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் வெகுநாளைக்கப்புறம் தெளிவாக இருந்தது.

"ஏட்டி, திருப்பிப் போட்டாச்சு பாத்தியா" என்றாள்.

"என்னதுக்கா? பேசாம படு."

"மொதல்ல அந்த மிஷினை நம்ம வார்டுக்குச் சோதிச்சுப் பாக்கக் கொண்டாந்தாவல்லா? எட்டு வருஷம் இருக்கும். நான்தான் மொத ஆளாப் போயி உக்காந்தேன். மேலுல வலிக்காத எடம் கம்மல் போட்ட காது மட்டுந்தான்னு சொன்னேன். இன்னைக்குப் பாரு, கம்மல் கழத்துன காது மட்டுந்தான் வலிக்கு."

என் கை நின்றுவிட்டது.

"பத்து நிமிஷத்துக்கு மேல பேசுனேன்ட்டி. வீட்டுல சொன்னா நீ காய் நறுக்கிட்டே 'ம்' கொட்டுவ. அதுல சொன்னா உங்க ஆபீசுக்குத்தான வரும்? வேலைன்னா நீ உக்காந்து கேட்டுத்தான ஆவணும். அதான் ஒண்ணுவிடாமச் சொன்னேன். உன் காதுல விழுந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வந்தது. இந்தத் தடவை வேண்டாம் என்று விழுங்கினேன்.

"விழுந்துச்சுக்கா."

"சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

"சிரிக்கத்தான் சொன்னேன்." கரகரத்த குரலில் அவளும் சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அழுதுட்டே சொன்னா யாரு கேக்கா? சிரிச்சாலாவது ஞாபகத்துல நிக்கும், அது நம்ம அக்கா பேச்சுல்லான்னு கண்டுபிடிச்சு ஓடி வருவன்னு நெனச்சேன். நீ வரல. சரி, உன் கைக்கு வரலபோலன்னு விட்டுட்டேன்."

என் கைக்குத்தான் வந்தது. முப்பத்தெட்டாயிரம் பேரின் வாயைக் கட்டிய கயிறு, என் அக்கா எனக்காகப் பேசிய பேச்சிலிருந்து திரித்தது. நான் கேவிவிட்டேன். "ஏன்ட்டி அழுத? எனக்குத்தான் சரியாயிருச்சே" என்று நல்ல கையால் என் முழங்கையைத் தட்டினாள்.

டாக்டர் நிலோஃபர் மற்ற படுக்கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசல் பக்கம் போகப் போனவரை நான் கூப்பிட்டேன்.

"டாக்டர், அந்த 'பு' புதுசு இல்ல."

அவர் நின்றார். "தெரியாதுன்னீங்களே. பின்ன என்ன?"

"புலம்பல். நான்தான் வச்சேன். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு விழுந்திருக்கு. நீங்க எழுதித் தந்தா எடுத்துரலாம். மொதல்ல விழுந்தது..." அக்காவைப் பார்த்தேன். "மொதல்ல விழுந்தது எங்க அக்காவுக்கு."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல், "ம்" கூடப் போடாமல், முழுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.